அரிசிப் பானையா, அம்மீட்டரா?

கைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டால் அதைத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. சில வீடுகளில் ஒரு நாள், சில வீடுகளில் மூன்று நாள். பிறகு வெளியே எடுத்து, ஊதிவிட்டு, பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள். சில வேளைகளில் திரை ஒளிர்கிறது; பெருமை அரிசிக்குப் போகிறது. சில வேளைகளில் ஒளிர்வதில்லை. "போர்டு போச்சு" என்ற தீர்ப்புடன் போன் அலமாரி மூலைக்குப் போகிறது. உண்மையில் இரண்டிலுமே அரிசிக்குப் பங்கு இல்லை. ஆப்பிள் நிறுவனம்கூட, நனைந்த போனை அரிசியில் வைக்காதீர்கள், அரிசித் துகள்கள் உள்ளே புகுந்து கெடுதல் செய்யக்கூடும் என்று தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது.

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். 1903ஆம் ஆண்டு நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தைப் பற்றி வழிவழியாகக் கேட்டு மட்டுமே வந்த நமக்கு, வறண்ட மணலாகவே பழகிப்போன ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது வியப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் அந்தக் காலத்தில் நெல்லையும் பத்திரத்தையும் பரண்மேல் ஏற்றுவார்கள். இன்று அவற்றோடு கைபேசியையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கூலிக் கணக்கு, வங்கிக் கணக்கு, குழந்தையின் முதல் புகைப்படம் எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன!

சரி, நனைந்த போன் ஏன் சாகிறது? தண்ணீர் பட்டதால் என்று சொல்வது போதாது. சில மின்னணுத் தொழிற்சாலைகளில், உறுப்புகளைப் பற்றவைத்து முடித்த மின்சுற்றுப் பலகைகளை அயனிகள் நீக்கிய நீரால் கழுவி, உலர்த்தித்தான் அனுப்புகிறார்கள். அந்தப் பலகைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம், அப்போது அவற்றில் மின்கலம் இணைக்கப்படவில்லை. கழுவும் நீரில் உப்பும் இல்லை. நம் வீட்டு வாளியில் விழும் போனுக்கு இந்த இரண்டு பாக்கியமும் கிடையாது.

நம் ஊர்த் தண்ணீர்

மிகத் தூய நீரை ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாக எடுத்து, எதிரெதிர் முகங்களுக்கு இடையே மின்தடையை அளந்தால் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஓம் வரும். அதே கனசதுரத்தில், லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த நீரை எடுத்தால் முந்நூற்றுச் சொச்சம் ஓம்தான். ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு! இந்த 2,000 என்ற எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீருக்கு வழியே இல்லாத இடங்களில் மட்டும் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் கிணற்று நீரைச் சுவைத்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் நாக்கிலேயே தெரியும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதற்கு உப்பிட்டுக் கொண்டுவருகிறார்கள். பதனிடுவதற்கு முன் அந்த உப்பைக் கழுவி எடுத்தாக வேண்டும். கழுவிய நீர் பல்லாண்டுகள் நிலத்திலும் பாலாற்றிலும் போய்ச் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தோடு சேர்த்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. நிலத்தடியில் இறங்கிவிட்ட உப்பு, தீர்ப்பு வந்தவுடன் வெளியேறிவிடுமா? ஆகவே நம் பகுதியில் ஆழ்குழாய் நீரில் விழும் போன், மலையருவியில் விழும் போனைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது.

எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மதர்போர்டில் மின்கலம் வந்து சேரும் இணைப்பானில் நேர்முனையும் புவி முனையும் அருகருகே இருக்கும். இடைவெளி 0.2 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். இடையில் தேங்கிய நீரின் குறுக்குப் பரப்பு 0.3 மில்லிமீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர். மேலே சொன்ன உப்பு நீரானால் அந்தச் சிறு துளியின் மின்தடை சுமார் 22,000 ஓம். மின்கலத்தின் 4 வோல்ட்டை 22,000 ஓமால் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 0.2 மில்லிஆம்பியர்.

'இவ்வளவுதானா? இது ஒரு சிறு விளக்கைக்கூட எரிக்காதே!' என்று தோன்றும். ஆனால் இந்த மின்னோட்டம் நீர்வழியே செல்கிறது; எனவே இது மின்பகுப்பு. மைக்கேல் ஃபாரடே 1830களில் கண்ட விதிகள் இங்கே கணக்கு எழுதத் தொடங்கிவிடுகின்றன. ஒரு கூலும் மின்னூட்டம் சென்றால் நேர்முனையிலிருந்து 0.33 மில்லிகிராம் செம்பு கரையலாம். எல்லா மின்னூட்டமும் செம்பைக் கரைக்கச் செலவாவதில்லை. ஒரு பகுதி வாயுக்குமிழிகளை உண்டாக்குகிறது. ஆகவே பாதியை மட்டும், அதாவது 0.1 மில்லிஆம்பியரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 0.36 கூலும், கரைந்த செம்பு 0.12 மில்லிகிராம், பருமன் 0.013 கன மில்லிமீட்டர்.

இப்போது போர்டைப் பாருங்கள். இணைப்பானின் ஒரு கால் அமரும் செம்புத் திட்டு 0.3 மில்லிமீட்டர் நீளம், 0.2 மில்லிமீட்டர் அகலம், 0.02 மில்லிமீட்டர் கனம் உள்ளதென்றால் அதன் பருமன் 0.0012 கன மில்லிமீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் கரையக்கூடியது அப்படிப் பதினொரு திட்டுகள்! ஒரு திட்டு கரைய ஐந்தாறு நிமிடம் போதும். செம்பின்மேல் தங்கப் பூச்சு இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பூச்சின் கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அதில் ஊசிக்கண்கள் ஏராளம். மூன்று நாள் அரிசிப் பானையில் கிடந்த போனுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை இனி நீங்களே சொல்லலாம். பானைக்குள்ளும் மின்கலம் இணைந்தே இருந்ததே!

கரைந்த செம்பு எங்கே போகிறது? ஒரு பகுதி உப்புகளாக மாறி, செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பைப்போலப் பச்சையாகப் படிகிறது. மற்றொரு பகுதி எதிர்முனையை அடைந்து மறுபடி உலோகமாகி, பெரணி இலையைப்போலக் கிளைவிட்டு நேர்முனையை நோக்கி வளர்கிறது. அந்தக் கிளை மறுகரையைத் தொட்டால் அங்கே குறுக்குச்சுற்று. ஓரிடத்தில் பாதை அறுகிறது, இன்னோரிடத்தில் இருக்கக்கூடாத பாதை முளைக்கிறது. நனைந்த போர்டில் காணும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

ஆகவே முதல் உதவி மின்கலத்தைப் பிரிப்பதுதான். போனை அணைத்தால் மட்டும் போதாது. அணைந்த போனிலும் மின்கலத்தின் 4 வோல்ட் இணைப்பானிலும் முதன்மை மின்தடத்திலும் நின்றுகொண்டேதான் இருக்கிறது. 2003இல் வந்த நோக்கியா 1100 போன்ற போன்களில் பின்மூடியை நகத்தால் தள்ளி மின்கலத்தைக் கழற்றிவிடலாம். இன்றைய போன்களில் அது பசையால் ஒட்டப்பட்டு, கண்ணாடிக்கும் திருகுகளுக்கும் பின்னால் இருக்கிறது. நீங்களாகவே நெம்பிக் கழற்ற முயலாதீர்கள். லித்தியம் மின்கலம் குத்துப்பட்டால் தீப்பற்றும். அணைத்துவிட்டு, சார்ஜரைச் செருகாமல், தாமதிக்காமல் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்துபவரே கழற்றக்கூடிய மின்கலத்தோடுதான் போன்களை விற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. அந்த விதிக்கு அது குறித்திருக்கும் நாள் 2027 பிப்ரவரி 18. பழுது பார்க்கும் உரிமைக்கென இந்திய அரசும் 2022 டிசம்பரில் ஒரு தளத்தைத் தொடங்கியது. பழைய மூடியே நல்ல மூடி என்பது என் கட்சி.

கடையில் மின்கலத்தைப் பிரித்தபின் போர்டைக் கழுவுவார்கள். பலர் நேரே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொண்டு துலக்குகிறார்கள். ஆல்கஹால் நீரை விரட்டும், விரைவில் உலரும். ஆனால் சமையலுப்பு அதில் சரியாகக் கரையாது. எனவே முதலில் காய்ச்சி வடித்த நீர், பிறகு ஆல்கஹால் என்ற வரிசையே சரி. 'தண்ணீரில் நனைந்ததைத் தண்ணீரிலா கழுவுவது?' என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்கக்கூடும். காரணம் உங்களுக்குத் தெரியும்.

ஏரி, மதகு, வாய்க்கால்

இனி கோளாறைத் தேடுவோம். அதற்குமுன் மதர்போர்டில் மின்சாரம் பாயும் முறையை அறிந்துகொள்ள வேண்டும். நம் வட்டாரத்து ஏரிப்பாசனத்தை நினைத்துக்கொண்டால் எளிது. மின்கலம்தான் ஏரி. அதிலிருந்து புறப்படும் பெரிய வாய்க்கால் முதன்மை மின்தடம். அதில் ஏறத்தாழ 4 வோல்ட். அது மின் மேலாண்மை ஐ.சி. என்ற மதகுக் காவலனிடம் போகிறது. அந்த ஐ.சி. ஒரு தடத்துக்கு 1.8 வோல்ட், இன்னொன்றுக்கு 3 வோல்ட், செயலிக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக என்று பங்கிட்டு, குறித்த வரிசையில் ஒவ்வொரு மடையாகத் திறக்கிறது. ஒரு மடை திறக்காவிட்டால் அடுத்தது திறக்காது; போன் உயிர்பெறாது.

ஒவ்வொரு வாய்க்காலின் ஓரத்திலும் சிறு தொட்டிகள் உண்டு. அவைதாம் மின்தேக்கிகள். வயல் திடீரென்று கூடுதல் நீர் கேட்டால் ஏரியிலிருந்து வரும்வரை தொட்டி கொடுத்துச் சமாளிக்கும். ஒரு போர்டில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிறியவை 0.4 மில்லிமீட்டர் நீளமும் 0.2 மில்லிமீட்டர் அகலமும்தான். மிளகுப் பொடியில் ஒரு துணுக்கைப்போல. பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கான் படலங்களையும் உலோகப் படலங்களையும் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்தவை. போன் கீழே விழுந்தாலோ, பின்பையில் வைத்தபடி உட்கார்ந்து வளைந்தாலோ பீங்கான் விரிசல் விடும். விரிசலில் ஈரம் புகும். அடுக்குகள் ஒன்றையொன்று தொடும். மின்தேக்கியின் ஒரு முனை மின்தடத்திலும் மறுமுனை புவியிலும் இருப்பதால், தொட்டியின் அடி ஓட்டையானதுபோல வாய்க்கால் நீர் முழுவதும் அங்கேயே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. கடைக்காரர்கள் 'ஷார்ட்' என்று சொல்வது இதைத்தான்.

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் 'அப்பர்' தைக்கும் ஒரு பெண்ணின் போன் கடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கடையில் "போர்டு டெட், புது போர்டு போட வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் கேட்பதோ போனையல்ல. உள்ளே இருக்கும் படங்களை. இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நினைவகச் சில்லை மட்டும் கழற்றி வேறு போர்டில் வைத்துப் படங்களை எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10ஓடு விற்பனைக்கு வந்த போன்கள் முதல், தகவல் முழுவதையும் மறைகுறியாக்கித்தான் எழுதி வைக்க வேண்டும்; ஐபோன்களில் அதற்கு முன்பே அப்படித்தான். மறைகுறியை அவிழ்க்கும் திறவுகோல் அதே போர்டின் செயலியோடு பிணைந்திருக்கிறது. ஆகவே படங்கள் வேண்டுமென்றால் அந்தப் பழைய போர்டே ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும். புது போர்டு போட்டால் புது போன் கிடைக்கும். குழந்தையின் முதல் பிறந்தநாள் கிடைக்காது.

அம்மீட்டர் பேசுகிறது

போர்டைக் கழுவி உலர்த்தியாயிற்று. மின்கலத்துக்குப் பதிலாக, வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும், மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டக்கூடிய நேர்மின்னோட்ட வழங்கியை இணைக்கிறோம். 4 வோல்ட் வைத்து, 2 ஆம்பியரில் வரம்பு கட்டுகிறோம். பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

இந்த நிலையில் அம்மீட்டர் சுழியில் நிற்க வேண்டும். அணைந்த போன் மிக மிகச் சிறிதளவுதான் இழுக்கும். அழுத்தியபின் முள் படிப்படியாக ஏறி, சில நூறு மில்லிஆம்பியரில் கூடிக் குறைந்து ஆடினால் செயலி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். அழுத்தியும் அசையவே இல்லையா? பொத்தானின் பாதையிலோ மின்கலத்தின் பாதையிலோ அறுபட்டிருக்கிறது. ஐம்பது மில்லிஆம்பியருக்கு ஏறி அங்கேயே மரம்போல நின்றுவிட்டால், மடைகள் பாதிவரை திறந்து எங்கோ தடைபட்டுள்ளன. பழகிய கைவினைஞர், வைத்தியர் நாடி பிடிப்பதுபோல, இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

நம் போனில் பொத்தானைத் தொடும் முன்பே அம்மீட்டர் 2 ஆம்பியருக்குத் தாவிவிட்டது. வோல்ட் மீட்டர் 4இலிருந்து 0.8க்கு விழுந்துவிட்டது. ஓமின் விதியைப் போடுங்கள்: 0.8 ÷ 2 = 0.4 ஓம். முதன்மைத் தடத்திலிருந்து புவிக்கு 0.4 ஓமில் ஒரு வழி திறந்திருக்கிறது. கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. அதே தடத்தில் பல பத்து மின்தேக்கிகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. மல்டிமீட்டரை எதன்மேல் வைத்தாலும் ஷார்ட் என்றே காட்டும். பக்க இணைப்பில் எல்லோருக்கும் ஒரே மின்னழுத்தம்தானே! ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது முட்டாள்தனம். அப்படிச் செய்து நல்ல போர்டுகளைக் கெடுத்தவர்களும் உண்டு.

இங்கேதான் ஜூலின் விதி கைகொடுக்கிறது. வெப்பத்தின் வீதம் மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கியது: 2 × 2 × 0.4 = 1.6 வாட். நல்ல மின்தேக்கிகளின் வழியே நேர்மின்னோட்டம் செல்வதில்லை; அவை குளிர்ந்தே இருக்கும். செம்புத் தடத்தின் தடை நூறில் ஒரு ஓம் என்றால் அதில் 0.04 வாட்தான். ஆக, ஏறத்தாழ எல்லா வெப்பமும் கெட்டுப்போன அந்த ஒரு துணுக்கில் பிறந்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மின்தேக்கியின் எடை ஒன்றரை மில்லிகிராம் அளவே. சுற்றியுள்ள செம்பு வெப்பத்தை உறிஞ்சாவிட்டால் அது ஒரே நொடியில் 2,000 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும்! உறிஞ்சுவதால்தான் தப்புகிறது, ஆயினும் விரல் வைக்க முடியாத சூடு உடனே வந்துவிடும்.

எது சுடுகிறது என்று பார்க்க வெப்பப்படக் கருவி இருந்தால் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது இல்லாத கடையில் ஆல்கஹாலைப் போர்டின்மேல் மெல்லிய படலமாகப் பூசி, மின்சாரத்தை விட்டு, கண் இமைக்காமல் பார்ப்பார்கள். எங்கே முதலில் உலர்கிறதோ அங்கே குற்றவாளி. சிலர் குங்கிலியப் புகையைக் காட்டி வெண்படலம் படிய வைப்பார்கள். சூடான இடத்தில் மட்டும் அது உருகித் தெளியும். நூறு ரூபாய்ச் செலவில் ஒரு வெப்பமானி!

ஓர் எச்சரிக்கை. இப்படி வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும்போது அந்தத் தடத்தின் இயல்பான மின்னழுத்தத்தைத் தாண்டவே கூடாது. ஒரு வோல்ட்டில் வாழும் செயலித் தடத்தில் 4 வோல்ட்டைச் செலுத்தினால், ஷார்ட் விலகும் கணத்தில் செயலி சாம்பல். 1858இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் தந்திக் கம்பி போட்டார்கள். செய்தி மங்கலாக வந்தபோது, மின்னழுத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்று ஒயிட்ஹவுஸ் என்பவர் சுமார் 2,000 வோல்ட்டைச் செலுத்தினார். ஏற்கெனவே நலிந்திருந்த மின்காப்பு உடைந்தது. கம்பி ஒரு மாதம்கூட உழைக்கவில்லை. மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் கண்ணாடி கால்வனாமீட்டரைக் கொண்டு மென்மையாக அளக்க வேண்டும் என்று வாதாடியவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் அவரே. பின்வந்த கடற்கம்பிகள் அவர் வழியில்தான் நடந்தன. கடலடியில் கம்பி எங்கே பழுதாகியிருக்கிறது என்பதையும் கரையில் இருந்தபடியே மின்தடையை அளந்து, இத்தனை மைலில் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பழைய தந்தி முறை இன்றும் போர்டில் உதவுகிறது. ஷார்ட்டின் தடை 0.4 ஓம் போல இல்லாமல் 0.01 ஓம் என்றால் என்ன ஆகும்? தடத்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லாமல் எல்லாம் ஒன்றுபோல வெதுவெதுப்பாகும். ஆல்கஹால் எதையும் காட்டாது. அப்போது மின்னோட்டத்தைச் செலுத்தியபடி, புவிக்கும் தடத்தின் வெவ்வேறு இடங்களுக்கும் இடையே மில்லிவோல்ட்டில் அளந்துகொண்டே போக வேண்டும். ஷார்ட்டை நெருங்க நெருங்க அளவு குறையும். பள்ளத்தை நோக்கி நீர் ஓடுவதுபோல எண்கள் நம்மை இழுத்துச் செல்லும்.

நம் போனுக்குத் திரும்புவோம். இணைப்பானின் அருகில் ஒரு மின்தேக்கியின் மேல் ஆல்கஹால் உடனே உலர்ந்தது. சுடுகாற்றால் பற்றாசை உருக்கி அதை எடுத்தாயிற்று. ஈயமில்லாப் பற்றாசு சுமார் 217 டிகிரியில் உருகும். பழைய ஈயப் பற்றாசு 183லேயே உருகிவிடும். அந்த முப்பத்துச் சொச்சம் டிகிரி வித்தியாசம்தான் கற்றுக்கொள்பவர்களின் கையைச் சுடுவதும், பக்கத்து உறுப்புகளைப் பறக்கவிடுவதும்.

எடுத்தபின் உடனே மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துச் சோதிக்க வேண்டும். சிவப்பு முனை புவியில், கறுப்பு முனை தடத்தில். மீட்டர் ஒரு மில்லிஆம்பியர் அளவு அனுப்பி, ஐ.சி.க்களின் உள்ளே இருக்கும் காப்பு டையோடுகளில் எவ்வளவு மின்னழுத்தம் வீழ்கிறது என்று காட்டும். 0.3 முதல் 0.6 வோல்ட்டுக்குள் ஒரு எண் வந்தால் பெரும்பாலும் நலம். சுழி வந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. முடிவிலி வந்தால் பாதை அறுந்திருக்கிறது. அதே மாதிரி நல்ல போர்டு ஒன்று கையிலிருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. இங்கே 0.36 வருகிறது. வழங்கியை இணைத்தால் அம்மீட்டர் சுழியில் நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் முள் ஏறி ஆடத் தொடங்குகிறது. படங்களை எல்லாம் எடுத்துவிடலாம்.

கழற்றிய மின்தேக்கி இல்லாமல் போன் ஓடுமா? அந்தத் தடத்தில் பத்து மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இருபது பக்க இணைப்பில் இருந்தால் மொத்தம் 200. ஒன்று போனால் 190. ஐந்து விழுக்காட்டுக் குறைவை அது தாங்கும். ஆனாலும் கைவிடப்பட்ட போர்டு ஒன்றிலிருந்து அதே அளவுள்ளதை எடுத்து வைப்பதே முறை. எல்லா இடத்திலும் இந்தச் சலுகை கிடையாது. அலைவாங்கியின் பாதையில் தொடரிணைப்பாக இருக்கும் மின்தேக்கியை எடுத்தால் சிக்னலே போய்விடும். ஷார்ட் செயலியின் உள்ளேயே இருந்தால், அங்கே உண்மையிலேயே "போர்டு டெட்" என்ற சொல் பொருந்தும். அதை அளந்துவிட்டுச் சொல்பவரிடம் பணம் கொடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று டார்ச் செல்களைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட், போனின் மின்கலத்துக்கு மிக அருகில். வீட்டு மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். ஒரே நீளமுள்ள இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகளின் முனைகளைச் சுரண்டிச் சுத்தமாக்கி, நேர்முனையோடு சேரும் கம்பிக்கு ஒரு முடிச்சுப் போட்டு அடையாளம் செய்துகொள்ளுங்கள். மூன்று கண்ணாடிக் குவளைகள்: ஒன்றில் வாகன மின்கலத்துக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் குடிநீர், ஒன்றில் உங்கள் தெரு ஆழ்குழாய் நீர். கம்பிகளைத் தொடாதபடி அரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றி வைத்து, மல்டிமீட்டரை மில்லிஆம்பியர் நிலையில் தொடராக இணைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்க்காரர்களும் ஏலகிரி மலைக்காரர்களும் தங்கள் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தால் சுவையாக இருக்கும். பிறகு ஆழ்குழாய் நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, சன்னலோரம் காற்றோட்டமாக ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். எந்தக் கம்பியில் குமிழி, எந்தக் கம்பி இளைத்தது, குவளையின் அடியில் என்ன நிறத்தில் கலங்கல் என்று எழுதுங்கள். அந்த நீரைக் கையால் தொடாமல் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.

அதன்பின், வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. போன் ஒன்றின் சார்ஜ் துளையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஐந்து சிறு தகடுகள் வரிசையாக இருக்கும். ஒரு கோடியில் இருப்பது 5 வோல்ட், மறுகோடியில் இருப்பது புவி. வியர்வைக் கையோடும் ஈரத்தோடும் பல ஆண்டுகள் சார்ஜ் செய்யப்பட்ட போனானால், ஐந்தில் ஒன்று மற்றவற்றைவிட அதிகமாகக் கறுத்தோ அரித்தோ இருக்கக்கூடும். அது எந்தக் கோடியில் இருக்கிறது என்று, கண்ணாடியை எடுக்கும் முன்பே உங்கள் குவளையைப் பார்த்துச் சொல்லிவிட முடிகிறதா?